பறிபோகாத துவக்கு

ஏப்ரல் 20, சனி

இன்று துவக்கு வீட்டுக்கு வந்தது. வீட்டுக்குள் எது வந்தாலும் போனாலும் நேரத்தோடு கொப்பியில் பதிவது, நாற்பது வருடங்களுக்கு முன் இலங்கைப் போலீசில் பிடித்த பழக்கம். சம்பளம் நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. ஆகவே பதிகிறேன்: பகல் 11.20, வானம் மூட்டம். நிலக்கீழறையில் அரிசி மூட்டைக்கும் பொங்கல் பானைக்கும் நடுவே இரும்பு அலுமாரி. அதற்குள் ஒரு 303 ரைபிள், இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் செய்தது. துவக்கு ரவைகள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். இரண்டு திறப்பும் என்னிடம்.

உலோகத்தில் 'லோங் பிராஞ்ச் 1943' என்று வெட்டியிருக்கிறது. நான் கான்ஸ்டபிளாக இருந்தபோது என் கையில் தந்த துவக்கிலும் அதே பெயர்தான் இருந்தது. அது ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயராக்கும் என்று நினைத்திருந்தேன். கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், குயின் வீதியில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, தெருக்கார் ஒன்று நெற்றியில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தது. ஏறாமல் விட்டுவிட்டேன். இந்தத் துவக்கைச் செய்த தொழிற்சாலை இருந்த அந்த ஊர் என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான்.

லைசென்ஸ் விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருக்கிறது. மலர் சோறு வடித்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டு, நாலு பக்கத்தையும் வாசித்தாள். கலியாணப் பதிவில்கூட அவள் இவ்வளவு வாசிக்கவில்லை.

"அறுபத்திமூண்டு வயசிலை உங்களுக்கு ஏனப்பா துவக்கு?"

பொழுதுபோக்கு என்றேன். ஊரில் ஓய்வு பெற்றவர்கள் ரோஜா வளர்ப்பார்கள், இந்த நாட்டில் பழைய யுத்தத் துவக்குகளைச் சேர்க்கிறார்கள், வாரம் ஒருமுறை போய்ச் சுடுகிறார்கள் என்று விளக்கினேன். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சோற்றுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு துவக்குக்கு அவள் வைத்த பெயர் 'உங்கட இரண்டாந்தாரம்'.

மே 4, சனி

முதல் நாள். சுடும் மைதானம் வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். சோள வயல்களுக்கு நடுவில் ஒரு மண் அணை, ஒரு தகரக் கொட்டகை, பன்னிரண்டு மேசைகள். அங்கே ஒழுங்கு பார்ப்பவர் முர்டோ என்ற கிழவர். எழுபத்தெட்டு வயது, முன்பு மாடு வளர்த்தவர். அவருடைய தகப்பன் யுத்தத்தில் இதே மாதிரித் துவக்கோடு இத்தாலி வரைக்கும் போய் வந்தவராம். என் துவக்கை வாங்கிக் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, நல்லது என்று ஒரு சொல் மட்டும் சொன்னார்.

பத்து ரவை சுட்டேன். நூறு யார் தூரத்தில் ஏழு இலக்குக் கடதாசியில் பட்டது. மிச்சம் மூன்றும் எங்கே போனது என்று தெரியாது. தோள் கன்றிவிட்டது. எண்ணெயும் வெடிமருந்தும் கலந்த மணம் சேட்டில் ஏறியிருந்தது. மலர் சேட்டைத் தனியாகத் தோய்க்கப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

மே 9, வியாழன்

மழை. காலையும் மாலையும் பள்ளிக்கூடச் சந்தியில் நின்றேன், பிள்ளைகளை வீதி கடக்க விடுவதுதான் இப்போது என் வேலை. நிறுத்தற் பலகையைத் தூக்கிக் கை உளைகிறது.

மே 18, சனி

எமிலின் மகன் தொலைபேசி எடுத்தான். தாய்க்கு விசா கிடைத்து, டிக்கெட்டும் போட்டாயிற்றாம். ஓகஸ்ட் ஆறாம் திகதி வருகிறாள்.

எமில் யார் என்று இந்தக் கொப்பியில் இன்னும் எழுதவில்லை. மன்னார்ப் பக்கத்து ஆள். என்னோடு ஒரே நாளில் போலீசில் சேர்ந்து, ஒரே அறையில் படுத்து, கடற்கரையோரத்து ஒரே சின்ன ஸ்டேசனுக்கு வந்து சேர்ந்தவன். எண்பத்துநாலாம் ஆண்டு விடுதலை இயக்கப் பொடியள் துவக்கு எடுக்க ஸ்டேசனை அடித்தபோது செத்தான். பகல் இரண்டு மணி. அவன் வாசலில் காவல், நான் முற்றத்து ஓரத் தண்ணீர்த் தொட்டிக்கருகில் காவல். அவனுக்கு வயிற்றில் பட்டது. நான் ஒரு வெடி வைத்தேன். இரண்டாவது ரவையை ஏற்றும்போது துவக்கு சிக்கிவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எமில் உடனே போய்விட்டான். விசாரணையில் இதைத்தான் சொன்னேன். அவன் மனைவி பிலோமினாவுக்கும் இதைத்தான் கடிதமாக எழுதினேன். அப்போது அவள் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. அந்தப் பிள்ளைதான் இப்போது தொலைபேசி எடுக்கிறவன். பிரம்டனில் வீடு வாங்கி, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது.

போன புரட்டாதியில்தான் அவன் என்னைத் தேடிப் பிடித்தான். அடுத்த கோடையில் அம்மா வருவா, உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறா என்றான். அதற்கு அடுத்த கிழமைதான் நான் லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இன்றைக்கு ஒன்று புதிதாகச் சொன்னான்.

"அம்மாவுக்கு உங்களிட்டை ஒரு கேள்வி கேக்கவேணுமாம், மாமா. என்னெண்டு எனக்குச் சொல்ல மாட்டாவாம்."

வரட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்றேன். பிறகு போய்ப் புல் வெட்டினேன். பாதியில் எண்ணெய் முடிந்துவிட்டது.

ஜூன் 1, சனி

இந்தத் துவக்கில் ஒரு குணம் உண்டு. இதன் ரவைக்கு அடியில் வெளியே தள்ளிய ஒரு விளிம்பு இருக்கிறது. மகசினுக்குள் அடுக்கும்போது மேல் ரவையின் விளிம்பு எப்போதும் கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று கொளுவிக்கொள்ளும், ரவையை உள்ளே தள்ளும் போல்ட் பாதி வழியில் நிற்கும். ஐந்து ரவை பிடிக்கும் கிளிப் இருந்தால் இந்தப் பிழை வராது. எங்கள் ஸ்டேசனில் கிளிப் எல்லாம் எப்போதோ தொலைந்துவிட்டது. தினமும் காலையில் ஸ்டேசன் பெரியவருக்கு முன்னால் பத்து ரவையையும் வெளியே கொட்டி எண்ணிக் காட்டி, திரும்பக் கையால் ஒவ்வொன்றாக அமத்தி அடுக்கவேண்டும். ஸ்டேசனை அடித்த அன்றைக்கு அவசரத்தில் நான் ஒன்றைப் பிழையாக அடுக்கியிருக்கவேண்டும். வேறு காரணம் இருக்க முடியாது.

இன்று மைதானத்தில் வேண்டுமென்றே இரண்டாவது ரவையைப் பிழையாக வைத்தேன். சுட்டேன், போல்ட்டை இழுத்தேன், தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் போனது. ஆறு தரம் வைத்தேன்.

நல்ல துவக்கு. வரும் வழியில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், வெளியேறவேண்டிய இடத்தைத் தவறவிட்டுப் பன்னிரண்டு கிலோமீற்றர் கூட ஓடினேன்.

ஜூன் 15, சனி

எட்டுத் தரம். ஒருமுறையும் சிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மலர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆள் இல்லையென்று அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் மீன் வாங்கி வெட்டி, குழம்பு வைத்தேன். புளி கூடிவிட்டது.

அலுமாரிக்குள்ளிருந்து பழைய பைலை எடுத்தேன். விசாரணை முடிந்து எனக்குத் தந்த பாராட்டுக் கடிதம் அதற்குள் இருக்கிறது. அன்று ஸ்டேசனில் இருந்த பத்துத் துவக்கில் ஒன்பது போய்விட்டது. போகாத ஒன்று என்னுடையது. அரசாங்கச் சொத்தைத் தைரியத்தோடு காப்பாற்றினேன் என்று பெரிய அதிகாரி எழுதியிருக்கிறார். பிறகு அரசாங்கம், இயக்கம் என்ற இரண்டு பக்கத்திலும் இருக்க முடியாமல் ஓடி வந்தபோது, இந்த நாட்டின் அகதி விசாரணையில் அந்தக் கடிதத்தைத்தான் நீட்டினேன். விசாரித்த அம்மாவும் வாசித்துவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தாள். இந்த வீடு, இந்தக் குசினி, இந்தப் புளி கூடிய குழம்பு எல்லாம் அந்த ஒரு தாளில் வந்தவை.

சிக்காத துவக்கு என்றால் அந்தத் தாளுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தேன். மலர் வந்துவிட்டாள், பைலை மூடிவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

பள்ளிக்கூடம் இன்றோடு மூடுகிறது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று அட்டை கீறித் தந்தது. அதில் நான் பலகையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறேன், எனக்கு முன்னால் ஒரு லொறி அழுதுகொண்டு நிற்கிறது. குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தேன். இரண்டு மாதம் இனிப் பொழுது போகாது.

ஜூலை 13, சனி

சிக்கிவிட்டது.

நேரம் 10.40. மூன்றாவது தடவை. முதல் ரவை சுட்டு, போல்ட்டை இழுத்துத் தள்ளினேன், பாதியில் நின்றது. இன்னும் தள்ளினேன். அசையவில்லை. என் உள்ளங்கையில் அதே இடத்தில் அதே அழுத்தம். நாற்பது வருடங்களாக நான் ஒரு பொய்யனா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. இல்லை. சிக்கியது. அப்போதும் இப்படித்தான் சிக்கியது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

முர்டோ வந்து எடுத்துவிட்டார். பழைய சிப்பாய் என்று நினைத்தேன், ரவை அடுக்கத் தெரியவில்லையே என்று கிண்டல் அடித்தார். நான் அதற்கும் சிரித்தேன். வரும் வழியில் கோப்பிக் கடையில் நிறுத்தி, டாக்டர் வேண்டாம் என்ற சீனி டோனட் இரண்டு தின்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

நான் குளிக்கும்போது பாட்டுப் பாடினேனாம். மலர் கேட்டாள், என்ன நடந்தது என்று. துவக்கு சிக்கிவிட்டது என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிக்கினா ஆரும் சந்தோசப்படுவினமே?"

அவளுக்கு விளக்க முடியவில்லை.

ஜூலை 20, சனி

மழை. மைதானம் மூடல். பிலோமினாவுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கி வைத்துவிட்டேன். துவக்கையே காட்டலாம் என்றும் நினைக்கிறேன். இதுதான் தங்கச்சி, இப்படித்தான் சிக்கியது, என்னால் ஒன்றும் செய்ய ஏலாமல் போனது என்று.

ஜூலை 27, சனி

திரும்பப் போனேன். ஒருமுறை சிக்கியது தற்செயலாக இருக்கலாம், போலீசில் இரண்டு சாட்சி வேண்டும். ஐந்தாவது தடவை சிக்கியது. முர்டோ வேறு மேசையில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

என் கை தானாகப் போனது. நான் போகச் சொல்லவில்லை. போல்ட்டைப் பின்னால் இழுத்தது, மேல் ரவையை இரண்டு விரலால் நுள்ளி எடுத்தது, எறிந்தது, போல்ட்டை முன்னால் தள்ளிப் பூட்டியது. ரவை புல்லில் விழுந்து உருண்டு நிற்பதற்குள் துவக்கு தயாராகிவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

திரும்பவும் சிக்க வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு செக்கன்.

பயிற்சிப் பள்ளியில் சார்ஜன் கண்ணைக் கட்டிவிட்டு இதைச் செய்ய வைப்பார். நூறு தரம், இருநூறு தரம். எமில் எப்போதும் என்னை வென்றுவிடுவான். அவன் மூன்று செக்கன், நான் நாலு.

சுடாமல் வந்துவிட்டேன். மிச்ச ரவையைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

மலர் கோயிலுக்குப் போய்விட்டாள். எழுதுகிறேன்.

எமில் உடனே போய்விட்டான் என்று எழுதினேன். அது பொய். வந்த பொடியள் ஸ்டேசனுக்குள் நின்றது கால் மணி நேரம். துவக்குகளை எடுத்து, எண்ணி, வான் வண்டியில் ஏற்றினார்கள். ஒருவன் எங்கள் பானையில் தண்ணீர்கூடக் குடித்தான். தொட்டிக்குப் பின்னால் இருந்து எல்லாம் தெரிந்தது. வாசலில் எமில் ஒரு பக்கமாகக் கிடந்தான். வெயில். தொட்டிக்கும் அவனுக்கும் இருபத்தைந்து யார் இருக்கும்.

என் முதல் வெடி பனையில் பட்டது. அதைப் பனைக்குத்தான் வைத்தேன், ஆளுக்கு வைக்கவில்லை. அவர்கள் அது எங்கிருந்து வந்தது என்று தேடவுமில்லை. இரண்டாவதை ஏற்றும்போது போல்ட் நின்றது. அப்போது எனக்கு எப்படி இருந்தது என்பதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, எனக்குக்கூடச் சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது. இனி நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, துவக்கு சிக்கிவிட்டது, அவ்வளவுதான். அதன்மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டேன். அதனால்தான் அது பறிபோகவில்லை.

எமில் கூப்பிட்டான். மூன்று தரம். முதல் தரம் கத்தி. இரண்டாம் தரம் சாதாரணமாக, பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல். மூன்றாம் தரம் மெதுவாக. வான் போன பிறகும் நான் எழும்பவில்லை. எதிர்வீட்டு மீன்காரிதான் செம்பில் தண்ணீரோடு முதலில் ஓடி வந்தவள். ஆஸ்பத்திரி பத்து நிமிட ஓட்டம், ஸ்டேசன் ஜீப் முற்றத்திலேயே நின்றது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடினேன், இல்லை.

ஓகஸ்ட் 3, சனி

மைதானத்துக்குப் போகவில்லை. கத்தரிக்காய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். மலரிடம் எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், நிறுத்தவில்லை. முப்பத்தைந்து வருடம் என்னோடு இருந்தவள், நித்திரையில் நான் பிதற்றுவதை வைத்துப் பாதி அவளுக்குத் தெரியுமாம். பிலோமினாவுக்குச் சொல்லத்தான் வேண்டுமா, அவளும் வயது போனவள், இவ்வளவு காலத்துக்குப் பிறகு எதற்கு என்றேன்.

"சொன்னா முழுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி வாயைத் திறக்காதேங்கோ. பாதி சொல்லிப்போட்டு நீங்கள் பாரம் குறைச்சுக்கொண்டு வந்திடுவியள், மிச்சத்தை அவ சுமக்கோணும்."

ஓகஸ்ட் 6, செவ்வாய்

விமானம் மூன்று மணி நேரம் பிந்தி வந்ததாம். மகன் செய்தி அனுப்பியிருந்தான். அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துவருகிறானாம்.

ஓகஸ்ட் 10, சனி

மலர் இறால் உடைத்தாள், நான் வீடு கூட்டினேன். நாளைக்கு ஏதாவது தடங்கல் வந்தால் நல்லது என்று நினைத்தேன். காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளைபோல்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பிலோமினா வந்தாள். 12.15. மகன் வாசலில் இறக்கிவிட்டு, நாலு மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டான். அம்மா தனியாகக் கதைக்கவேண்டுமாம்.

நான் மனதில் வைத்திருந்தது கலியாணப் படத்தில் பார்த்த இருபது வயதுப் பெண்ணை. வந்தவள் முழங்கால் வாதத்தோடு படியில் பக்கவாட்டாக ஏறினாள். கழுத்தில் செபமாலை, கையில் பனங்கட்டிப் பை. மலருக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்தது. சாப்பாட்டுக்கு முன்னமே கேட்டுவிடுகிறேன், கேட்காமல் சாப்பாடு இறங்காது என்றாள். மலர் குசினிக்குள் போனாள்.

பிலோமினா மெதுவாகச் சொன்னாள். செத்தவீட்டன்று மீன்காரி வந்து அழுதாளாம். எமில் கிடந்தபடி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம், மதிலுக்கு அப்பால் கேட்டதாம், யாரை என்று விளங்கவில்லையாம். அடுத்த கிழமை என் கடிதம் வந்தது, ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டான் என்று. இரண்டில் எது சரி என்று தெரியாமலே நாற்பது வருடம் போய்விட்டதாம். பகலில் கடிதத்தை நம்புவாளாம், படுத்தால் மீன்காரியை நம்புவாளாம்.

"மீன்காரி சொன்னது சரி, தங்கச்சி. நான் எழுதினது பொய்."

பிறகு முழுக்கச் சொன்னேன். பனை, போல்ட், நாலு செக்கன், கால் மணி நேரம், ஜீப். நிம்மதியாக இருந்ததையும் சொன்னேன். அந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். பாராட்டுக் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். ஆங்கிலம் அவளுக்கு வாசிக்க வராது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வரி வரியாகத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. தைரியத்தோடு என்ற சொல் வந்த இடத்தில் நின்றேன். அவள் காத்திருந்தாள். அதையும் சொன்னேன்.

"அப்ப துவக்குத் தப்பிட்டுது," என்றாள்.

ஓம் என்றேன்.

அவள் செபமாலையை விரலில் சுற்றி, அவிழ்த்து, திரும்பச் சுற்றினாள். அதன்பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது.

"என்ரை பேரைச் சொன்னவரோ, அண்ணை?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அவளுக்கும் சந்தோசம், எனக்கும் இலேசு. அவள் முகத்தைப் பார்த்தால் அதற்காகவே இத்தனை தூரம் பறந்து வந்தவள் என்று தெரிந்தது. வாய் வரைக்கும் வந்தது.

"இல்லைப் பிள்ளை. என்ரை பேரைத்தான் சொன்னவன். மூண்டு தரமும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கழுவி முடித்துக் குழாயைச் சுற்றி வைக்கும் வரைக்கும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபம் இல்லாமல், பிழை பிடிக்காமல், கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அப்ப நீங்கள் வருவீங்கள் எண்டு நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறார்."

அவள் என்னை ஏசியிருக்கலாம். அதற்கு நான் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இருக்கவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன், அறுபத்திமூன்று வயதில். அவள் என்னைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. மகனை முன்னதாகவே வரச்சொல்லித் தொலைபேசி எடுத்தாள். இறால் கறியை மலர் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டாள். காரில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 12, திங்கள்

ஒன்றும் செய்யவில்லை.

ஓகஸ்ட் 24, சனி

துவக்கை முர்டோவுக்குக் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்ற எண் எடுத்து, ஒழுங்காகப் பதிந்துதான். இலையுதிர்காலம் வரட்டும், சுட நல்ல காலம் அதுதான், ஏன் விடுகிறாய் என்று கேட்டார். இனி அதனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தன் தகப்பனுடைய துவக்கோடு சேர்த்து வைப்பதாகச் சொன்னார். இரும்பு அலுமாரிக்குள் மலர் இப்போது பருப்பும் மிளகாய்த் தூளும் வைத்திருக்கிறாள். எலி போகாதாம்.

பிரம்டனிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை.

செப்டெம்பர் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலை 8.10, நல்ல வெயில். அட்டை கீறித் தந்த பெண் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. நீல நிறக் கார் ஒன்று நிறுத்தாமல் வந்தது. பலகையோடு நடு வீதிக்குப் போய் நின்றுவிட்டேன். கார் ஒரு முழத்தில் நின்றது. சாரதி வாயில் வந்தபடி ஏசினான். பிள்ளைகள் கடந்து போய்விட்டார்கள். பிறகுதான் பலகையை இறக்கினேன்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

மழை. மத்தியானம் சாப்பிட இருந்தபோது தொலைபேசி. 1.50. பிலோமினா.

நாலு கிழமையாக மகனுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம், அம்மா ஏன் சாப்பிடுகிறாயில்லை, அந்த மாமா என்ன சொன்னவர் என்று. அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லையாம். தகப்பனின் கதையைத் தான் சொல்வது சரியில்லை, கண்டவர்தான் சொல்லவேண்டும் என்றாள். வியாழக்கிழமை அவள் ஊருக்குத் திரும்புகிறாள்.

"அவன் ஏசுவான், அண்ணை. அடிச்சாலும் அடிப்பான். சொல்லிப்போட்டன்."

சரி என்றேன்.

"இப்ப வீட்டிலைதான் நிக்கிறான். ஒருக்கா வரேலுமோ?"

மலர் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, பருப்பும் விட்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவள் கோப்பையை எடுத்து மூடி வைத்தாள், கார்த் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டுக் காலில் சப்பாத்தைப் போட்டேன். 1.54. நாலு நிமிடம் எடுத்துவிட்டது.